மொகாவி பாதை

கலிஃபோர்னியாவின் மொகாவி பாலைவனத்தில் ஏறத்தாழ 220 கிலோமீட்டர் நீளும் இப்பாதை, முதலில் மொகாவி பழங்குடியினர் வணிகத்துக்காகக் கடற்கரைக்கு நடந்து சென்ற தடம். நீரூற்று விட்டு நீரூற்றுக்குச் செல்வதாலேயே அது வளைந்து நெளிந்து போகிறது. 1776இல் ஸ்பானியப் பாதிரியார் கார்சேஸும், 1826இல் அமெரிக்க ஆய்வுப் பயணி ஜெடடையா ஸ்மித்தும் பழங்குடியினரின் துணையோடு இதைக் கடந்தனர்.

1859இல் கொலராடோ ஆற்றங்கரையில் மொகாவி கோட்டையை நிறுவிய அமெரிக்க ராணுவம், அங்குச் சரக்கு வண்டிகளை அனுப்ப இத்தடத்தைப் பயன்படுத்தியது. வழியிலுள்ள பையூட், ராக், மார்ல் ஊற்றுகளில் சிறு காவல் நிலைகள் எழுந்தன. 1883இல் ரயில் பாதை வந்ததும் வண்டிப் போக்குவரத்து ஓய்ந்தது.

1980களில் வரலாற்று ஆர்வலர் டென்னிஸ் கேஸ்பியரும் தன்னார்வலர்களும் கற்குவியல்களை அடையாளமாக வைத்துப் பாதையை மீட்டனர். இன்று நான்கு சக்கர இயக்க வண்டிகள் இரண்டு மூன்று நாட்களில் இதைக் கடக்கின்றன. மணலில் புதையாமலிருக்க டயர் காற்றைக் குறைப்பது வழக்கம். மழை பெய்தால், வழியிலுள்ள வறண்ட சோடா உப்பு ஏரி சேறாகி வண்டிகளை விழுங்கும்.