டகோட்டாவுக்கு எத்தனை சட்டைகள்?

வீட்டுக் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுவதை விளையாட்டு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் பழைய விமானம் ஒன்றை எடுத்து, அதற்கு நாமே வண்ணம் பூசிப் பறக்க ஆரம்பித்தால் அது மெல்ல மெல்ல வரலாற்றுப் பாடமாக மாறிவிடும். எப்படி என்று பார்ப்போமா?

முதலில் கொஞ்சம் முன்கதை. புரூஸ் ஆர்ட்விக் என்ற அமெரிக்கர் உருவாக்கிய ஃப்ளைட் சிமுலேட்டரை மைக்ரோசாஃப்ட் 1982ல் தன் பெயரில் வெளியிட்டது. 2003ல், ரைட் சகோதரர்கள் பறந்து நூறு வருடம் ஆனதைக் கொண்டாட ஒரு பதிப்பு வந்தது. ரைட் ஃப்ளையர், லிண்ட்பெர்க்கின் விமானம், ஃபோர்டு ட்ரைமோட்டார் என்று பல பழைய விமானங்கள் அதில் இருந்தன. அவற்றில் ஒன்றுதான் டக்ளஸ் டிசி-3. 2022ல் வந்த நாற்பதாம் ஆண்டுப் பதிப்பிலும் அது இருக்கிறது.

டிசி-3 முதன்முதலில் பறந்தது 1935 டிசம்பர் 17. ரைட் சகோதரர்கள் பறந்து சரியாக 32 வருடம் கழித்து, அதே தேதியில்! அதன் ராணுவ வடிவம் சி-47. பிரிட்டிஷார் வைத்த பெயர் டகோட்டா. இரண்டாம் உலகப் போரின்போது பத்தாயிரத்துக்கும் மேல் தயாரித்துத் தள்ளினார்கள்.

இதை ஓட்டுவது சுலபமில்லை. வால் தரையில், மூக்கு வானத்தில். ஓடுபாதைக்குப் போகும்போது முன்னால் இருப்பது சரியாகத் தெரியாது. இடமும் வலமும் வளைந்து வளைந்துதான் போக வேண்டும். வேகம் கூடி வால் மேலே எழும்பிய பிறகுதான் ஓடுபாதை முழுசாகக் கண்ணில் படும்.

இப்போது வண்ணத்துக்கு வருவோம். சிமுலேட்டரில் விமானத்தின் தோல் என்பது சில படக் கோப்புகள்தான். தையற்காரர் வெட்டிப்போட்ட துணி மாதிரி இறக்கை தனி, உடல் தனி, வால் தனி. ஃபோட்டோஷாப்பிலோ ஜிம்ப்பிலோ அதைத் திறந்து வரைய வேண்டும். உடலின் மேல்பாதியில் போட்ட கோடு கீழ்பாதியில் போட்ட கோட்டோடு சேராவிட்டால் தையல் பிரிந்த சட்டை போலத் தெரியும்.

ஆனால் உண்மையான சிக்கல் இது இல்லை. எந்த வருடத்து வண்ணம் பூசப் போகிறோம் என்பதுதான் சிக்கல்!

உதாரணமாக, 1944 ஜூன் மாத டகோட்டா என்றால் பச்சை உடலில் மூன்று வெள்ளை, இரண்டு கறுப்புப் பட்டைகள் வேண்டும். ஒவ்வொன்றும் இரண்டு அடி அகலம். ஏன் பட்டை? 1943 ஜூலையில் சிசிலியில் நேச நாடுகளின் துப்பாக்கிகளே தங்கள் படைவீரர்களை ஏற்றி வந்த 23 விமானங்களைச் சுட்டு வீழ்த்திவிட்டன. எதிரி என்று நினைத்துவிட்டார்கள். அது நார்மண்டியிலும் நடக்கக் கூடாது என்றுதான் இந்த அடையாளம். ரகசியம் கசியக் கூடாது என்பதால் கடைசி நேரத்தில், கையால், அவசரமாகப் பூசினார்கள். அதனால் ஸ்கேல் வைத்து நேராகப் போட்ட பட்டை பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பொய். கொஞ்சம் கோணலாக இருப்பதுதான் நிஜம்.

போர் முடிந்ததும் அதே டகோட்டாக்கள் உபரியாகி மலிவு விலைக்கு வந்தன. வணிகவியல் படிப்பவன் என்பதால் எனக்கு இந்தப் பகுதி ரொம்பப் பிடிக்கும். ராணுவத்தின் கணக்கில் வேண்டாத சரக்கு, வாங்கியவர்களுக்கோ முதலீடு! இந்தியாவிலும் பல விமானக் கம்பெனிகள் இவற்றை வைத்துத்தான் தொழில் செய்தன. 1949ல் தொடங்கிய இரவுத் தபால் சேவையில் சென்னை, பம்பாய், டெல்லி, கல்கத்தா ஆகிய நான்கு ஊர்களின் விமானங்களும் நள்ளிரவில் நாக்பூரில் கூடி, தபால் பைகளை மாற்றிக்கொண்டு திரும்பின. 1953ல் இந்தக் கம்பெனிகள் தேசியமயமாகி இந்தியன் ஏர்லைன்ஸ் ஆனது. மறுபடியும் சட்டை மாற்றம்!

இனி இரண்டு நிஜ விமானங்களின் கதை.

ஒன்று, 'தட்ஸ் ஆல், பிரதர்'. நார்மண்டியில் பாராசூட் வீரர்களின் முக்கிய அணிக்குத் தலைமை தாங்கிய சி-47. போருக்குப் பின் விற்கப்பட்டு, பல கை மாறி, அதன் பெருமை யாருக்கும் தெரியாமலே பறந்தது. 2015ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில், நவீன எஞ்சின் பொருத்தி உருமாற்றக் காத்திருந்த நிலையில் அடையாளம் கண்டு காப்பாற்றினார்கள். 2018ல் மறுபடி பறந்தது.

இன்னொன்று நம் விமானப்படையின் 'பரசுராமா'. 1947 அக்டோபர் 27 அன்று முதல் சீக்கியப் பட்டாளத்தின் வீரர்களை ஸ்ரீநகரில் இறக்கிய டகோட்டாவின் எண் வி.பி. 905. 2018ல் பிரிட்டனில் புதுப்பிக்கப்பட்டு இந்தியாவுக்கு வந்த வேறொரு டகோட்டாவுக்கு அதே எண்ணைச் சூட்டினார்கள்.

யோசித்துப் பாருங்கள். முதலாவதில் உடல் நிஜம், வண்ணம் தொலைந்திருந்தது. இரண்டாவதில் எண் பழையது, உடல் வேறு. இரண்டையும் நாம் மதிக்கிறோம். ஏனென்றால் இரண்டுமே நடந்த ஒன்றை ஞாபகப்படுத்துகின்றன.

சிமுலேட்டரிலோ உடலே கிடையாது, வண்ணம் மட்டும்தான். அதனால்தான் அந்த வண்ணமாவது சரியாக இருக்க வேண்டும் என்கிறேன். 1944ன் பட்டையையும் 1949ன் கம்பெனிப் பெயரையும் ஒரே விமானத்தில் போட்டால் கம்ப்யூட்டர் எந்தத் தவறும் சொல்லாது, விமானமும் ஜம்மென்று பறக்கும். ஆனால் அப்படி ஒரு நாள் சரித்திரத்தில் இருந்ததே இல்லை!

எனவே நண்பர்களே, பழைய விமானத்துக்கு வண்ணம் பூசுகிறீர்களா? தூரிகையை எடுக்கும் முன்பு தேதியை முடிவு செய்யுங்கள். தேதி சரியாக இருந்தால் வண்ணம் தானே வந்து சேரும்.