வடசென்னைக் கடலில் கப்பல் போக்குவரத்துக் கட்டுப்பாடு

கப்பல் போக்குவரத்துக் கட்டுப்பாடு என்பது துறைமுகத்தை அணுகும் கப்பல்களைக் கரையிலிருந்து கண்காணித்து, மோதலும் தரைதட்டலும் நேராமல் தகவல் தரும் ஏற்பாடாகும். இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான கடலில் இது விளக்கொளியில் தொடங்கி ரேடார் வரை வளர்ந்துள்ளது.

தொடக்ககாலம்

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட, மசூலா படகுகள் ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தன. 1796இல் கோட்டையில் கலங்கரை விளக்கம் ஏற்றப்பட்டது. 1875இல் செயற்கைத் துறைமுகத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1881ஆம் ஆண்டுப் புயல் அதன் அலைதடுப்புச் சுவர்களைச் சிதைத்தது. கிழக்கு நோக்கிய வாயில் அலைக்கும் மணலுக்கும் இலக்கானதால், பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் அது மூடப்பட்டு வடகிழக்கில் புதிய வாயில் அமைந்தது.

நவீனமயமாதல்

1948இல் இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகம் ரேடார் கண்காணிப்பைத் தொடங்கியது. பின்னர் ரேடாருடன் வானொலித் தொடர்பும், கப்பலின் பெயர், இடம், வேகம் ஆகியவற்றைத் தானாக அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். கருவியும் இணைந்தன. பன்னாட்டுப் பயணம் செல்லும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களில் இக்கருவி கட்டாயம். சிறிய மீன்பிடிப் படகுகள் இவ்விதிக்குள் வருவதில்லை. எனவே காசிமேட்டுப் படகுகள் மிகுந்த இக்கடலில் திரையை மட்டும் நம்ப இயலாது.

விமானக் கட்டுப்பாட்டாளரின் அனுமதியின்றி விமானம் ஓடுதளத்தில் இறங்க முடியாது. கடலில் கரை நிலையம் எச்சரிக்கலாம், அறிவுறுத்தலாம். ஆனால் கப்பலைச் செலுத்தும் பொறுப்பு அதன் தலைவரிடமே இருக்கும்.

2017 மோதல்

எண்ணூர்த் துறைமுகம் 2001இல் செயல்படத் தொடங்கி, 2014இல் காமராசர் பெயரைப் பெற்றது. 2017 சனவரி 28 அதிகாலையில் அங்கிருந்து வெளியேறிய பி.டபிள்யூ. மேப்பிள் என்ற எரிவாயுக் கப்பலும், உள்ளே வந்த டான் காஞ்சிபுரம் என்ற எண்ணெய்க் கப்பலும் மோதின. கசிந்த எரியெண்ணெய் எண்ணூர், திருவொற்றியூர் கரைகளில் கறுப்புச் சேறாகப் படிந்தது. கடலோரக் காவல்படையினர், தன்னார்வலர்கள், மீனவர்கள் எனப் பலரும் வாளிகளால் அதை அள்ளினர். மீன் வாங்க மக்கள் அஞ்சியதால் மீனவர்களின் வருவாய் குறைந்தது.

முக்கியத்துவம்

நவீனக் கருவிகள் பரவிய காலத்திலேயே இவ்விபத்து நேர்ந்தது. கருவி ஆபத்தைக் காட்டும். அதைத் தவிர்க்க இரு கப்பல்களும் உரிய நேரத்தில் பேசி விலக வேண்டும். அது தவறினால், அதன் சுமை கப்பலில் இல்லாத கரைவாழ் மக்கள்மேல் விழுகிறது.