மணங்கு, தோலா, முழம், சதுர அடி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பம்பாய்க்கு வந்து, தாராவியின் தோல் பதனிடும் தொட்டிகளில் வேலைக்கு அமர்ந்த தமிழர்களுக்கு, அங்கே புழங்கிய எடைகளின் பெயர் புதிதல்ல, அளவுதான் புதிது. சென்னை மாகாணத்தில் 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு. அது ஏறக்குறைய 25 ராத்தல் (பவுண்டு). பம்பாய் மணங்கு 28 ராத்தல். வங்காளத்தில் அதே மணங்கு 82 ராத்தலுக்கும் மேல். ஆக, 5 மணங்கு என்பது சென்னையில் 125 ராத்தல், பம்பாயில் 140, கல்கத்தாவில் 411. ஊரைச் சொல்லாமல் எடையைச் சொல்ல வழியில்லை.

சில நேரம் ஊரைச் சொன்னாலும் போதாது, சரக்கையும் சொல்ல வேண்டும். 20 மணங்கு ஒரு கண்டி; பம்பாயில் அது 560 ராத்தல். பஞ்சுக்கு மட்டும் தனிக் கண்டி: 28 மணங்கு, அதாவது இருபத்தெட்டு இருபத்தெட்டாக 784 ராத்தல். இந்தக் கணக்கு இன்னும் சாகவில்லை. பஞ்சுச் சந்தையில் விலை இன்றும் கண்டிக்கு இவ்வளவு என்றுதான் சொல்லப்படுகிறது. ராத்தல் போய்க் கிலோ வந்தபோது கண்டியின் எடை மாறவில்லை, எண் மட்டும் 356 கிலோ ஆயிற்று.

தோலாவின் கதை நேர்மாறானது. 1833-இல் அது 180 கிரெய்ன் என்று வரையறுக்கப்பட்டது. ஒரு வெள்ளி ரூபாயின் எடையும் அதுவே, சுமார் 11.66 கிராம். தராசில் படிக்கல் இல்லாவிட்டால் ரூபாயை வைத்து நிறுக்கலாம். காசுக்கும் எடைக்கும் இருந்த இந்த உறவு அழகானது. 1956-இல் மெட்ரிக் எடை அளவுச் சட்டம் வந்தது; 1957 ஏப்ரலில் 16 அணா ரூபாய் 100 நயா பைசாவானது; 1958 அக்டோபரிலிருந்து கிலோவும் கிராமும் படிப்படியாகக் கடைக்கு வந்தன. மும்பை நகைக்கடைப் பேச்சில் தோலா இன்றும் இருக்கிறது, ஆனால் 10 கிராமாக இளைத்துவிட்டது. செம்பூரில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்துக்கோ மனக்கணக்கு பவுனில் ஓடும். ஒரு பவுன் 8 கிராம். இரண்டு தோலாச் சங்கிலி என்றால் இரண்டரைப் பவுன்.

மும்பையின் மாட்டுங்காவில் பூ முழக்கணக்கில் விற்கிறது. முழங்கை முனையிலிருந்து நடுவிரல் நுனி வரை சரத்தை இழுத்துப் பிடித்தால் ஒரு முழம், ஏறக்குறைய ஒன்றரை அடி. பூக்காரியின் கை நீளமாக இருந்தால் வாங்குபவருக்கு லாபம். 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் மெட்ரிக் அல்லாத அலகில் வணிகம் செய்வதைத் தடுக்கிறது. மல்லிகைச் சரம் அதற்குக் கட்டுப்பட்டதாகத் தெரியவில்லை.

தாராவியில் தொட்டிகள் பெரும்பாலும் இடம்பெயர்ந்துவிட்டன. தோல்பையும் பெல்ட்டும் செய்யும் பட்டறைகள் இருக்கின்றன. தோல் வியாபாரத்தின் அலகு சதுர அடி. தோலின் மூலையில் 12 என்று எழுதி அதன் தோளில் சிறியதாக 3 போட்டிருந்தால், பன்னிரண்டே முக்கால் சதுர அடி என்று பொருள். அந்தச் சிறிய எண் கால்களின் எண்ணிக்கை. கணிதப் பாடத்தில் மட்டும் படித்தவர் அதைப் பன்னிரண்டின் முப்படி என்று வாசித்துவிடுவார்.

வீடும் சதுர அடியில்தான் பேசப்படுகிறது. குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில் இலவச வீடு முதலில் 225 சதுர அடி, 2008-இல் 269, பிறகு 300. நடுவில் உள்ள 269 எங்கிருந்து வந்தது? சட்டம் சதுர மீட்டரில் எழுதப்படுகிறது. 25 சதுர மீட்டரை அடியாக மாற்றினால் 269 வரும். 300-இல் நிலைமை தலைகீழ்: பேச்சில் முழு எண், சட்டப் புத்தகத்தில் 27.88. தாராவி மறுசீரமைப்பில் தகுதி பெற்ற குடும்பத்துக்கு அறிவிக்கப்பட்டது 350 சதுர அடி, சுமார் 32.5 சதுர மீட்டர். இது கார்ப்பெட் ஏரியா; வெளிச்சுவரின் கனமும் பொதுப் படிக்கட்டும் சேராது. சுவரையும் சேர்த்து அளக்கும் முறையில் இதே 350 இன்னும் சிறிய வீட்டைக் குறிக்கும்.