மாத்திரை தாயத்தாகலாமா?

1747-ஆம் ஆண்டு, மே 20. 'சாலிஸ்பரி' என்னும் ஆங்கிலப் போர்க்கப்பலில், ஈறு அழுகி, கால் தளர்ந்து, ஸ்கர்வி நோயால் சாய்ந்து கிடந்தனர் மாலுமிகள். கப்பல் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் என்ன செய்தார்? வானத்தை நோக்கிக் கைகூப்பி நின்றாரா? இல்லை! நோயாளர் பன்னிருவரைத் தேர்ந்தார். இருவர் இருவராக ஆறு பிரிவாக்கினார். ஒரு பிரிவுக்குக் கடல்நீர், மற்றொன்றுக்குக் காடி, வேறொன்றுக்குப் புளித்த ஆப்பிள் சாறு. இப்படி ஆறு வகை மருந்து. ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவருள் ஒருவன் ஆறாம் நாளே பணிக்குத் தகுதி பெற்றான்.

ஒப்பிட்டுப் பார்த்தார், உண்மை வெளிப்பட்டது. ஆயினும் 1753-இல் அவர் நூலாக வெளியிட்ட உண்மையை ஏற்று, கடற்படை எலுமிச்சைச் சாறு வழங்க முன்வந்தது 1795-இல்தான். பழமைக்குப் பணிந்த அந்த 42 ஆண்டுகளில் மாண்ட மாலுமிகளை எண்ணிப் பார்க்கிறோம்; நெஞ்சம் குமுறுகிறது!

பழத்தின் ஆற்றலுக்குக் காரணமான வைட்டமின் சி பற்றிய ஆராய்ச்சிகளுக்காகவும் சேர்த்தே ஹங்கேரி அறிஞர் சென்ட்-ஜியார்ஜி 1937-இல் நோபல் பரிசு பெற்றார். பின்னர் நேர்ந்தது என்ன? இரு நோபல் பரிசுகள் பெற்ற லைனஸ் பாலிங், சளிக்கு மட்டுமன்றிப் புற்றுநோய்க்கும் வைட்டமின் சி துணை என்றார். மேயோ மருத்துவமனை ஆய்வாளர்கள், பேரறிஞர் சொல்லாயிற்றே என்று வாளாவிருக்கவில்லை. முற்றிய புற்றுநோயாளருக்கு நாள்தோறும் 10 கிராம் கொடுத்துச் சோதித்தனர். 1979-இலும் 1985-இலும் வெளிவந்த முடிவு: பயனில்லை!

இன்று அதே பொருள் இதய அறுவைக் கூடத்தின் வாயிலில் நிற்கிறது. அறுவைக்குப் பின் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு, இதயத்தின் மேலறைகள் தாளம் தப்பித் துடிக்கின்றன. அங்கே குருதி தேங்கிக் கட்டியானால், அக்கட்டி மூளைக்குச் சென்று பக்கவாதம் விளைவிக்கலாம். வைட்டமின் சி இதனைத் தடுக்குமா?

2001-இல் அமெரிக்காவின் ஓஹியோ ஆய்வாளர் வெளியிட்ட முடிவு நம்பிக்கை ஊட்டியது. அம்மருந்து பெற்ற 43 பேரில் 16.3 விழுக்காட்டினர்க்கே தாளம் தப்பியது; பெறாத 43 பேரில் அது 34.9 விழுக்காடு. ஆனால் அவர்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டவரல்லர். பல ஆய்வுகளைத் தொகுத்து ஃபின்லாந்து ஆய்வாளர் 2017-இல் வெளியிட்ட கணக்கோ வியப்பூட்டுகிறது. அமெரிக்காவில் நடந்த ஐந்து ஆய்வுகளில் பயன் காணப்படவில்லை. ஈரான், கிரீஸ் முதலிய பிற நாடுகளில் நடந்த ஒன்பதில் 44 விழுக்காடு குறைவு!

ஏன் இந்த வேறுபாடு? நோயாளரின் உணவா, உடலில் முன்பே இருந்த சத்தின் அளவா, ஆய்வு நடத்திய முறையா? பெரிய, செம்மையான ஆய்வுகளே விடை கூற வேண்டும். மிகுதியாக விழுங்கினால் சிறுநீரகக் கல் தோன்றக்கூடும் என்பதையும் மறத்தலாகாது.

தோழர்களே! கண்ணேறு கழிக்க எலுமிச்சையைச் சக்கரத்தடியில் நசுக்குவதை எள்ளுகிறோம். அதே எலுமிச்சையின் சத்தை, ஆய்வு கேளாமல், அளவு அறியாமல், விளம்பரத்தை நம்பி விழுங்கினால் நாம் எந்த வகையில் உயர்ந்தோம்? தாயத்தைக் கழற்றிய கையால் மாத்திரையைத் தாயத்தாக்குவதா பகுத்தறிவு? லிண்ட் நமக்கு விட்டுச் சென்றது எலுமிச்சை மட்டுமன்று. ஒப்பிட்டு அறியும் துணிவு. அதனையே கைக்கொள்வோம்!