செத்துப்போன ஃபேனை தூக்கிப் போடாதீங்க... ரேடியேட்டருக்கு வீட்டிலேயே ஷ்ரவுட் செய்யலாம்!

கேம் ஆரம்பிச்சு அரை மணி நேரம்தான் ஆகியிருக்கும். கேபினட்டுக்குள்ள இருந்து ஹேர் டிரையர் போட்ட மாதிரி ஒரு சத்தம். "வாட்டர் கூலிங் போட்டா சத்தமே இருக்காதுன்னு சொன்னாங்களே பாஸ்!" என்று புலம்பும் ஆளா நீங்கள்? புது ஃபேன் ஆர்டர் போடுவதற்கு முன், ஓடாத பழைய ஃபேன் ஏதாவது வீட்டில் கிடக்கிறதா என்று தேடுங்கள்.

ஷ்ரவுட் என்பது பெரிய சமாசாரம் இல்லை. ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் வைக்கிற வெறும் சட்டம், அவ்வளவுதான். கார் பானட்டைத் திறந்தால் ரேடியேட்டர் ஃபேனைச் சுற்றி கறுப்பு பிளாஸ்டிக் கூடு இருக்குமே, அதன் குட்டித் தம்பி.

எதுக்கு இந்த இடைவெளி? ஓடுற டேபிள் ஃபேனின் நடுப்பகுதிக்கு நேராகக் கையைக் கிட்டே வைத்துப் பாருங்கள். ஓரத்தில் வீசுகிற காற்று அங்கே இருக்காது, மோட்டார் மறைக்கிறது. ரேடியேட்டரோடு ஃபேனை ஒட்டி மாட்டினால் இதே கதைதான். நடுவில் இருக்கும் தகடுகளுக்குக் காற்று சரியாகப் போகாது. 25 மி.மீ தள்ளி வைத்தால் காற்று பரவ இடம் கிடைக்கும். தகடுக்கு மிக அருகில் இறக்கை சுற்றுவதால் வரும் இரைச்சலும் குறையும்.

2000-களின் தொடக்கத்தில் இது கட்டாயமாகவே இருந்தது. அப்போது அமெரிக்காவில் பலர் 1977 மாடல் பான்டியாக் பானவில் காரின் ஹீட்டர் கோரை வாங்கி வந்து கம்ப்யூட்டரில் மாட்டினார்கள். கார் பாகத்தில் கம்ப்யூட்டர் ஃபேனுக்கு ஸ்க்ரூ ஓட்டை எங்கே இருக்கும்? ஷ்ரவுட்டை சொந்தமாகச் செய்தே ஆகணும்.

இன்றைக்கு எல்லோருக்கும் இது தேவையில்லை. தகடுகள் நெருக்கமாக இருந்து, ஃபேனை மெதுவாக ஓட்டுபவர்களுக்குத்தான் பலன் அதிகம். ரேடியேட்டரில் தூசி அப்பியிருந்தால் முதலில் அதைச் சுத்தம் செய்யுங்க. இடமும் முக்கியம். 27 மி.மீ ரேடியேட்டர், 25 மி.மீ ஷ்ரவுட், 25 மி.மீ ஃபேன் சேர்ந்தால் 77 மி.மீ. மேல்பக்கம் மாட்டினால் ரேம் இடிக்குமா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

செய்முறை சிம்பிள். ரேடியேட்டரில் இருக்கும் ஃபேனின் அதே சைஸில் பழைய ஃபேன் வேண்டும். 120 மி.மீ ஃபேன் என்றால் ஸ்க்ரூ ஓட்டைகளுக்கு நடுவே 105 மி.மீ இருக்கும். மோட்டாரைத் தாங்கும் கால்களை கட்டிங் பிளேயரால் ஓரத்தோடு வெட்டினால், இறக்கையோடு மொத்தமாகக் கழன்று வரும். பிளாஸ்டிக் துண்டு தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கோங்க. பிசிரை உப்புத்தாளால் தேய்த்து, தூளைக் கழுவிக் காய வைத்தால் ஷ்ரவுட் ரெடி. சட்டத்தின் இரண்டு முகத்திலும் மெல்லிய ஃபோம் டேப் ஒட்டுங்கள். காற்று பக்கவாட்டில் கசிந்தால் பட்ட பாடெல்லாம் வீண்.

இப்போதுதான் ஆபத்தான இடம்: ஸ்க்ரூ. வழக்கமாக 25 மி.மீ ஃபேனுக்கு 30 மி.மீ ஸ்க்ரூ, உள்ளே போவது 5 மி.மீதான். ஷ்ரவுட்டும் சேர்ந்தால் 55 மி.மீ வேண்டும். "கொஞ்சம் நீளமா இருந்தா என்ன?" என்று 60 மி.மீ போட்டுத் திருகினால், முனை நேராகத் தண்ணீர்க் குழாயில் போய்க் குத்தலாம். அப்புறம் மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு எல்லாம் குளிக்கும். தடுப்புத் தகடு எல்லா ரேடியேட்டரிலும் இருக்காது. அதனால் மாட்டும் முன் ஸ்க்ரூவைப் பக்கத்தில் வைத்து அளந்து பாருங்க. டைட் ஆகிறதுன்னு தெரிஞ்ச உடனே நிறுத்திடணும். மரையும் முக்கியம்: சில ரேடியேட்டரில் எம்3, சிலவற்றில் 6-32. மாற்றித் திருகினால் மரை போய்விடும். பழைய ஸ்க்ரூ ஒன்றைக் கையோடு கடைக்கு எடுத்துட்டுப் போனா குழப்பமே இல்லை.

கசிவு இருக்கிறதா என்று பார்க்க நம்ம ஊர் ஊதுபத்தி போதும். ஃபேனை ஓடவிட்டு, சாம்பல் உள்ளே விழாதபடி இணைப்புகளுக்கு வெளியே பிடியுங்கள். புகை ஓர் இடத்தில் மட்டும் வெட்டி இழுத்தால் அங்கே டேப் பத்தலை.

வெப்பநிலையை ஷ்ரவுட் இல்லாமலும் போட்டும் அதே கேமில் அரை மணி நேரம் பாருங்கள். ஃபேன் வேகம் ஒன்றாக இருக்கணும். அறையின் சூட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏ.சி ஓடும்போது ஒரு தடவை, மதிய வெயிலில் ஒரு தடவை எடுத்தால் கணக்கே தப்பு. பத்து டிகிரி இறங்கும்னு எதிர்பார்க்காதீங்க, ரெண்டு மூணு டிகிரி குறைந்தாலே லாபம். என் சிஸ்டத்தில் ஒரு டிகிரிதான் இறங்கியது. ஆனால், ராத்திரி ஹெட்செட்டைக் கழட்டி வெச்சு விளையாட முடியுது!