திரும்புதலும் திருப்புதலும்: ‘கன்வர்ட்’ என்னும் வினைச்சொல்

திருச்சபையின் பணியை ஆங்கிலத்தில் போற்றுவோரும் அதனைக் குறை கூறுவோரும் ஒருங்கே கையாளும் வினைச்சொல் ‘கன்வர்ட்’ என்பதாகும். இச்சொல்லின் பிறப்பையும் வழக்கையும் ஆராய்வது சொல்லாராய்ச்சி மட்டுமன்று. நம் ஊழியத்தை நாம் எவ்வாறு விளங்கிக்கொள்கிறோம் என்பதைச் சோதித்தறிவதுமாகும்.

1. சொல்லின் பிறப்பு

‘கொன்வெர்த்தெரே’ என்னும் இலத்தீன் வினை இதன் மூலம். ‘வெர்த்தெரே’ என்றால் திருப்புதல். பழைய பிரெஞ்சு மொழி வழியாக இது இடைக்கால ஆங்கிலத்தில் புகுந்தது. ஒரு நாட்டு நாணயத்தை மற்றொரு நாட்டு நாணயமாக மாற்றுவதற்கும் ஆங்கிலேயர் இச்சொல்லையே வழங்குவர். பிறர் பொருளை முறைகேடாகத் தனதாக்கிக்கொள்வதற்குச் சட்டமொழியில் வழங்குவதும் இதன் பெயர்ச்சொல்லே. ஒருவர் தாமே மாறுவதற்கும், அவரைப் பிறர் மாற்றுவதற்கும் ஆங்கிலத்தில் வடிவம் ஒன்றுதான். தமிழோ இவ்விரண்டையும் பிரித்தே நிறுத்துகிறது. திரும்பு, திருந்து, மாறு என்பன தன்வினை; திருப்பு, திருத்து, மாற்று என்பன பிறவினை. இவ்வேறுபாடு நம் ஆராய்ச்சிக்குத் திறவுகோலாகும்.

2. திருமறையில்

அப்போஸ்தலர் 3:19இல் பேதுரு மக்களுக்கு விடுக்கும் அழைப்பு, கிரேக்க மூலத்தில் செய்வினை ஏவலாக, ‘திரும்புங்கள்’ என்னும் பொருளில் நிற்கிறது. இலத்தீன் வுல்காத்தாவில் அது செயப்பாட்டு வடிவம் பெற்றது; எனினும் அம்மொழியில் அவ்வடிவம் தானே திரும்புதலையும் குறிக்கும். 1611ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பில் அது முழுச் செயப்பாட்டுவினையாயிற்று. திரும்ப வேண்டியவர் திருப்பப்பட வேண்டியவரானார். 1881இல் வெளிவந்த திருத்திய ஆங்கிலப் புதிய ஏற்பாடு மீண்டும் தன்வினைக்கே வந்தது. நம் பழைய தமிழ்த் திருப்புதலோ ‘மனந்திரும்பி’, ‘குணப்படுங்கள்’ என்றே கூறுகிறது. அப்போஸ்தலர் 15:3இலும் புறஜாதியார் ‘மனந்திரும்பின’ செய்தியே பேசப்படுகிறது.

பிறவினை வழக்கும் திருமறையில் உண்டு என்பதை மறைத்தலாகாது. யாக்கோபு 5:20 பாவியைத் ‘திருப்புகிறவனை’ப் பற்றிப் பேசுகிறது, ஆனால் ஆண்டுத் திருப்பப்படுபவன் சத்தியத்தை விட்டு விலகிய சகோதரன். ஒருவனைத் தம் ‘மார்க்கத்தானாக்க’ அலைந்து திரிந்தோரை நம் ஆண்டவர் கடிந்துகொண்டதையும் (மத்தேயு 23:15) உடன் வைத்து எண்ணுதல் தகும்.

3. திருவண்ணாமலையில்

இவ்வேறுபாட்டை நூலறையில் அன்றி ஊரில் வைத்துக் காண விரும்புவோர் திருவண்ணாமலையை நோக்குக. டேனிஷ் மிஷனரிமார் ஊழியம் செய்து, கல்விச்சாலை அமைத்த ஊர் அது. ஆற்காடு லுத்தரன் திருச்சபை அம்மிஷனின் கனியாகும். அவ்வூர்ச் சைவ மக்களின் நினைவிலும் மனமாற்றக் கதைகள் உண்டு. அண்ணாமலையைப் பாடிய அப்பர், சைவக் குடியிற் பிறந்து, சமணம் புக்கு, தருமசேனர் எனப் பெயர் பெற்று, பின்னர்த் திருவதிகையில் சைவத்திற்கு மீண்டவர் எனப் பெரியபுராணம் கூறும். அவர்தம் தமக்கையார் திலகவதியார் தம்பிக்காக இறைவனிடம் முறையிட்டார். தம்பி வந்தபோது திருநீறு அளித்துக் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். வாழ்வை வெறுத்துக் கோபுரத்தினின்று வீழ்ந்த அருணகிரிநாதரை முருகன் தாங்கினான் என்பது அவ்வூர் மரபு. இக்கதைகளில் திருப்புகிறவன் இறைவன், திரும்புகிறவர் மனிதர், உடனிருப்போர் மன்றாடுவோரும் வரவேற்போருமே. இவையும் கிறிஸ்தவ மனந்திரும்புதலும் ஒன்றே என நாம் கூறவில்லை. ஆயினும் ‘மனந்திரும்புதல்’ என்னும் சொல்லைக் கேட்கும் அவ்வூரார்க்கு அதன் பொருள் அந்நியமன்று. ‘மதமாற்றம்’ என்னும் சொல்லோ அவர்தம் செவியில் வேறு விதமாகவே ஒலிக்கும்.

4. சட்டத்தில்

ஒரிசா (1967), மத்தியப் பிரதேசம் (1968) ஆகிய மாநிலங்களின் சட்டங்கள் வற்புறுத்தல், வஞ்சனை முதலியவற்றால் ஒருவர் மற்றொருவரைச் சமயம் மாற்றுவதைக் குற்றமாக்கின. 1977 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஸ்டெயினிஸ்லாஸ் வழக்கில் அவற்றை ஏற்றது. சமயத்தைப் பரப்பும் உரிமை என்பது கொள்கைகளை எடுத்துரைக்கும் உரிமையேயன்றிப் பிறரை மாற்றும் உரிமை அன்று எனத் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 2002இல் பிறந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004இல் விலக்கப்பட்டது.

இச்சட்டங்களின் இலக்கணத்தை உற்று நோக்குவோம். அவற்றில் எழுவாய் மாற்றுகிறவர், மாறுகிறவர் செயப்படுபொருள். பெண்களையும் தாழ்த்தப்பட்டோரையும் பழங்குடியினரையும் சிறுவரோடு சேர்த்து வைத்து, அவர்களை மாற்றுவோர்க்கு அவை மிகுந்த தண்டனை விதித்தன. தம் மனத்தைத் தாமே திருப்ப அவர்கள் வல்லவர் அல்லர் என்னும் எண்ணம் அதில் உறைகிறது. ஆனால் இந்த இலக்கணம் சட்டமியற்றியோரின் புதுப்படைப்பன்று. இத்தனை பேரை ‘கன்வர்ட்’ செய்தோம் எனக் கணக்கெழுதிய மிஷன் அறிக்கைகளும் அதே வாக்கியத்தையே எழுதின. தாழ்த்தப்பட்ட மக்கள் தாமே கூடி ஆலோசித்து, தாமே போதகரைத் தேடி வந்த வரலாறும் அக்கணக்கினுள் மறைந்தது.

5. முடிவுரை

எனவே தமிழ்ப் போதகர்க்கு ஒரு கடமை உண்டு. ‘மாற்றினோம்’ என்னும் பிறவினையை நம் அறிக்கைகளினின்றும் பிரசங்கங்களினின்றும் விலக்குவோமாக. மனந்திரும்புகிறவரை எழுவாயாக்கி, அவர்தம் வரலாற்றை அவர்தம் சொல்லிலேயே பதிவு செய்வோமாக. பிறவினைக்கு உரியவர் இறைவன் ஒருவரே. நமக்குரியது சாட்சி பகர்தலும், மன்றாடுதலும், வருகிறவரை வரவேற்றலுமாம்.