என் சிங்கம்

சட்டைப் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்துப் பாருங்கள். அசோகரின் சிங்கங்கள் கம்பீரமாக நிற்கின்றன. இருப்பவை நான்கு; கண்ணுக்குத் தெரிபவை மூன்று. உயிருள்ள சிங்கங்களின் கதையும் இப்படித்தான். கம்பீரம் முன்னால் தெரிகிறது. ஆபத்து பின்னால் மறைந்து நிற்கிறது.

வட இந்தியாவில் பீகார் வரை உலாவிய ஆசியச் சிங்கம் துப்பாக்கிக்கு இரையாகிக் குறைந்துகொண்டே வந்தது. இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது, இந்தியாவில் அதற்கு எஞ்சிய புகலிடம் ஜூனாகட் சமஸ்தானத்துக் கிர் காடு ஒன்றுதான். 1900-ல் அங்கே வந்த கர்சன் பிரபு, சிங்க வேட்டை வேண்டாமென்று மறுத்து, அவற்றைக் காப்பாற்றும்படி நவாபிடம் சொன்னார். நவாபுகளும் காத்தார்கள். ஜீவகாருண்யம் மட்டுமா காரணம்? வேறெந்த ராஜாவிடமும் இல்லாதது தம்மிடம் இருக்கிறது என்ற பெருமையும்தான் என்று நினைக்கிறேன். 'என் சிங்கம்' என்ற அந்த எண்ணமே அந்த இனத்துக்கு உயிர்ப்பிச்சை அளித்தது.

2025-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சிங்கங்கள் 891. மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் அத்தனையும் சௌராஷ்டிர மண்ணிலேயே இருக்கின்றன. ஒரே ஊரில் குடியிருக்கும் குடும்பத்துக்கு ஒரு கொள்ளைநோய் போதாதா? ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில் 1994-ல், நாய்களைப் பீடிக்கும் டிஸ்டெம்பர் நோய் பரவி, சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கு மாண்டது. அதே நோய் 2018-ல் கிர் காட்டிலும் தலைகாட்டியது. சில வாரங்களில் இருபதுக்கு மேற்பட்ட சிங்கங்கள் இறந்தன.

வேறிடத்தில் குடிவைப்பதும் எளிதன்று. 1957-ல் உத்தரப் பிரதேசத்துச் சந்திரபிரபாவில் மூன்று சிங்கங்களை விட்டார்கள். அவை பதினொன்றாகப் பெருகின; பிறகு சுவடில்லாமல் மறைந்தன. ஆனாலும் அறிஞர்கள் சோர்ந்துவிடவில்லை. மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். சிங்கம் வருமென்று 24 கிராமங்கள் அங்கிருந்து பெயர்க்கப்பட்டன. குஜராத்தோ சிங்கத்தைத் தர மனமில்லாமல் வழக்காடியது. ஆறு மாதத்துக்குள் அனுப்பும்படி 2013-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சிங்கம் போகவில்லை. 2022-ல் அந்தக் காட்டுக்கு நமீபியாவிலிருந்து சிவிங்கிப்புலிகள் வந்து இறங்கின!

வீட்டையும் நிலத்தையும் விட்டுப் போன அந்தக் கிராமத்தாரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். வராத விருந்தாளிக்காக வாசலைக் காலி செய்து கொடுத்தவர்கள் அவர்கள். நவாப் போய்விட்டார், சமஸ்தானமும் போய்விட்டது. 'என் சிங்கம்' மட்டும் போகவில்லை. அன்று சிங்கத்தைக் காத்த அதே சொல்தான் இன்று அதன் வழியை மறித்து நிற்கிறது.